அந்தப் பக்கம் சோப்பு, இந்தப் பக்கம் வரிசை

சிபாட்டா, ஜாம்பியா
3 ஆகஸ்ட் 1987

அன்புள்ள மச்சான் பிஸிவெக்,

நீ நலமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் வீட்டில் சோப்பு இருக்கிறது. நானும் நலம்தான். அழுக்காக இருக்கிறேன், ஆனால் நலம்.

உன் தங்கை எனெலெசி, "அண்ணன் வீட்டுக்கு ஒரு வாரம் போயிட்டு வரேன்" என்று சொல்லித்தான் மகள் தியமிகேயைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டி மலாவிக்கு வந்தாள். மாதம் ஒன்று ஓடிவிட்டது. உங்கள் நாட்டில் வாரத்துக்கு எத்தனை நாள் என்று தெரியப்படுத்தவும். சர்க்கரை மாதிரி அதுவும் அங்கே தாராளமாகக் கிடைக்கிறதோ என்னவோ.

நான் மறைக்கவில்லை மச்சான். இங்கே சமையல் எண்ணெய் இல்லை, சோப்பு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. மக்காச்சோள மாவு வந்தால் ஊரே ஓடுகிறது. இரண்டு நாட்டுப் பணத்துக்கும் குவாச்சா என்றே பெயர். உன் குவாச்சாவைக் கொடுத்தால் சோப்பு வருகிறது, என் குவாச்சாவைக் கொடுத்தால் வரிசை வருகிறது. ஆனால் ஒன்று. அந்த வரிசையில் நின்றுகொண்டு எங்கள் அரசாங்கத்தை வாய்க்கு வந்தபடி திட்டலாம். போன வாரம் எனக்கு முன்னால் நின்றவர் போலீஸ்காரர். நான் விட்ட இடத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டார்.

சைக்கிள்காரன் காலேப் இந்தக் கடிதத்தோடு ஒரு பேண்ட் கொண்டு வருவான். உனக்காக நானே தைத்தது. கல்யாணத்தன்று இரண்டு வீட்டுக்கும் நடுவே கோழி கைமாறியபோது, இவள் நல்லது கெட்டதுக்கு நான் பொறுப்பு என்று சபையில் எழுந்து சொன்னவன் நீ. அவளைத் திருப்பிக் கேட்டு உன்னிடம்தான் வரவேண்டும், அதுவும் கோழியோடு. கோழி இருந்திருந்தால் நானே சாப்பிட்டிருப்பேன், ஆகையால் பேண்ட். உங்கள் ஊரில் பேண்ட் கால் அகலமாக இருந்தால் ஆளையே பிடித்துக்கொள்வார்கள் என்று கீழ்ப்பக்கத்தை இரண்டு தரம் அளந்து ஒடுக்கியிருக்கிறேன். குற்றம் சொல்ல இடமே இல்லை.

பாக்கெட்டுக்கு உள்துணி மட்டும் ஊரிலேயே கிடைக்கவில்லை. விளக்கும் இல்லாமல், பொழுது சாயும் நேரத்தில் எனெலெசியின் இரும்புப் பெட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்து ஒன்றை உருவிக்கொண்டேன். நல்ல பருத்தி. அவளிடம் சொல்லிவிடாதே. ஏதோ பழந்துணிதான். தையல்காரன் விரலுக்குத் தெரியாதா?

அவளை அனுப்பி வை. வீடு சும்மா கிடக்கிறது. மெஷினை மிதித்தால் சத்தம் சுவரில் இடித்துத் திரும்பி வருகிறது.

உன் மச்சான்,
லாமெக் சக்காலா

*

ம்சிஞ்சி, மலாவி
9 ஆகஸ்ட் 1987

திரு. லாமெக் சக்காலா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கால்சட்டையும் கிடைத்தது. அளவு சரியாக உள்ளது.

காலேப் தன் தாய்மாமன் சாவுக்குப் பெட்டாவுக்கேப் பக்கம் போவதால் இதைத் தபாலில் அனுப்புகிறேன். நம் நாட்டின் தபால் சேவை மிகச் சிறப்பானது. சாலைகள் சிறப்பானவை. கடைகளில் சர்க்கரை, உப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. எல்லாம் நம் வாழ்நாள் அதிபர், பெரியவரின் நல்லாட்சி. இது நிற்க.

எனெலெசி ஏன் வந்தாள் என்று தங்களுக்குத் தெரியாதது போல எழுதியிருக்கிறீர்கள். அவள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"விடியறதுக்கு முன்னாடி போய் சோப்பு வரிசையில நின்னேன் அண்ணே. வெயில் ஏறிடுச்சு. புள்ளைக்குக் கஞ்சி குடுத்துட்டு வர்றேன், இடத்தைப் பிடிச்சுக்கோன்னு இந்த ஆளை நிறுத்திட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தா, வரிசை முன்னாடி போயிருச்சு, இவரு மட்டும் அதே இடத்துல நாலு பேரைச் சுத்தி நிக்க வெச்சுக் கதை சொல்லிட்டிருக்காரு. சோப்பு தீர்ந்துபோச்சு. எல்லாரும் சிரிக்கறாங்க. இவரும் சிரிக்கறாரு."

தியமிகேயின் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் சொறி இருந்தது. சாம்பல் தேய்த்துக் குளித்த குழந்தை. இப்போது ஆறிவிட்டது.

நம் முறைப்படி பெண்ணைக் கட்டியவன் பெண்ணின் ஊருக்கு வந்து குடியிருக்க வேண்டும். "ரெண்டு வருஷம் மட்டும் சிபாட்டாவுல தொழில் பண்ணிட்டு வந்துடறேன்" என்று சபையில் சொன்னீர்கள். அந்த இரண்டு வருடத்தில் பிறந்த பெண் இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஆகவே எனெலெசி அங்கே வரமாட்டாள். தாங்கள் தையல் மெஷினோடு இங்கே வரவேண்டும். இடம் ஒதுக்கியிருக்கிறேன். இந்த மாதம் 29ஆம் தேதி உறவினர் கூடுகிறோம். தங்கள் பதில் இல்லாவிட்டால் கோழி திரும்பி வரும். கல்யாணம் முறிந்தது என்று அதற்கு அர்த்தம்.

மேலும் ஒன்று. அதே 29ஆம் தேதி காலையில் பெரியவர் நம் மாவட்டத்துக்கு வருகிறார். பெண்கள் ஆடி வரவேற்க வேண்டும். போன வருடம் நான் எனெலெசிக்குக் கொடுத்த, பெரியவர் படம் போட்ட கட்சித் துணி தங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறதாம். உடனே அனுப்பவும். அது இல்லாமல் அவள் பெண்களோடு போய் நிற்க முடியாது. கட்சிக் கிளையின் பொருளாளர் நான், என் தங்கையே துணி கட்டாமல் நின்றால் என்ன பேசுவார்கள்?

இப்படிக்கு,
பி. ம்வாலே

*

சிபாட்டா
15 ஆகஸ்ட் 1987
(தபாலில் போடாதது. காலேப் கிடைத்தால் கையில் கொடுக்க.)

பிஸிவெக்,

உன் கடிதம் படித்த கையோடு பெட்டியை வெயிலில் இழுத்துப் போட்டுத் திறந்தேன். கட்சித் துணி இருக்கிறது. அதில் இரண்டு ஓட்டை இருக்கிறது. இரண்டும் பாக்கெட் வடிவத்தில் இருக்கின்றன. ஓட்டை இருக்கும் இடத்தில் பெரியவர் முகம் இருந்திருக்க வேண்டும். சுற்றிலும் தொப்பி விளிம்பும் ஒரு காதும் மட்டும் மிச்சம்.

மச்சான், நீ அவர் மேல் கையை விட்டுக்கொண்டு நடக்கிறாய். வலது பக்கம் ஒருவர், இடது பக்கம் ஒருவர்.

வேண்டுமென்று செய்ததாக நினைக்காதே. அப்படி ஒரு தைரியம் எனக்கு ஏது? ஒரு குப்பி மண்ணெண்ணெய் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. உங்கள் ஆட்சிக்கு எதிராக எங்கள் நாட்டுப் பஞ்சம் செய்த சதி இது. பேண்ட்டைக் கழற்று. முதலில் கழற்று, பிறகு இந்தக் கடிதத்தைக் கொளுத்து.

*

சிபாட்டா
15 ஆகஸ்ட் 1987

அன்புள்ள மச்சான்,

தபாலில் எழுதுகிறேன். உங்கள் நாட்டுத் தபால் சேவை உண்மையிலேயே சிறப்பானது. உன் கடித உறையை யாரோ உன்னைவிட அழகாக ஒட்டியிருக்கிறார்கள்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். எனெலெசி கேட்ட துணி பெட்டியில் இருக்கிறது. பெரும்பாலும் இருக்கிறது. அனுப்ப ஆள் கிடைக்கவில்லை.

அந்த பேண்ட்டை உடனே திருப்பி அனுப்பு. தையலில் ஒரு தவறு தெரிகிறது. தையல்காரன் மானம் சம்பந்தப்பட்டது. போடாதே. அலமாரிக்கு அடியில் வை. முக்கியமாக, பாக்கெட்டில் கை விடாதே. உள்ளே தையல் மிகவும் மென்மை. உனக்கு எது மென்மை என்று தெரியும், நீ அறிவாளி. யோசி. யோசித்துவிட்டு உள்ளே பார். தனியாக இருக்கும்போது பார்.

லாமெக்

*

ம்சிஞ்சி
21 ஆகஸ்ட் 1987

லாமெக்,

இனி "அவர்களுக்கு" என்று எழுத எனக்கு மனமில்லை.

கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கிறாய். எனெலெசியிடம் படித்துக் காட்டினேன். "பேண்ட்டை வேற யாருக்காவது வித்திருப்பாரு அண்ணே. அவசரத்துல ஒரே பேண்ட்டை ரெண்டு பேருக்குச் சொல்லியிருப்பாரு" என்றாள். உன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாததா?

திருப்பித் தரமாட்டேன். நீ எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் தையல் நன்றாகத்தான் தைக்கிறாய். அதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. நல்ல நாளுக்கென்று மடித்து வைத்திருக்கிறேன். 29ஆம் தேதி பெரியவரை வரவேற்க அதைத்தான் போட்டுக்கொண்டு போவேன். அதே பேண்ட்டோடு சபையில் உட்கார்ந்து உன் விவகாரத்தையும் தீர்ப்பேன்.

கட்சித் துணி வரவில்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியிருக்கிறோம். வெட்கமாக இருக்கிறது.

உன் மகள் என் வீட்டில் கஞ்சிக்கு மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்கிறாள். "அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்கிறாள். பதில் உன் கையில்.

பிஸிவெக்

*

சிபாட்டா
28 ஆகஸ்ட் 1987

மச்சான்,

காலேப் இன்னும் திரும்பவில்லை. இதைத் தக்காளிக்கூடை சுமந்து எல்லை தாண்டும் ஒரு பெண்மணி கையில் கொடுக்கிறேன். கூடையைக் கிளறுவார்கள், ஆகையால் நீளமாக எழுத முடியாது.

இன்று நானே வந்தேன். ம்வாமி எல்லை வரை பஸ்ஸில், அதற்கு மேல் நடை. உங்கள் நாட்டு எல்லை வாசலில் ஒருவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கீழேயே நின்றுவிட்டார். என் பேண்ட்டின் கால் அகலமாம். "இதைப் போட்டுக்கிட்டு உள்ள வர முடியாது. இது என்ன பேண்ட்டா, ரெண்டு பாவாடையா?" என்றார். உனக்குத் தைத்ததை இரண்டு தரம் அளந்தவன், என் காலைப் பார்க்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து தையலைப் பிரித்து ஒடுக்கப் பார்த்தேன். ஊசி இருந்தது, கத்தரி இல்லை. பல்லால் கடித்தேன். ஒரு காலை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது வாசலை அடைத்துவிட்டார்கள். ஒரு கால் மலாவிக்கும் ஒரு கால் ஜாம்பியாவுக்குமாக வீட்டுக்கு நடந்து வந்தேன்.

நாளைக்கு அந்த பேண்ட் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். சபையில் என்னை என்ன வேண்டுமானாலும் சொல். கோழியை வேண்டுமானாலும் அனுப்பு. பேண்ட்டை மட்டும் மாற்று.

லாமெக்

*

ம்சிஞ்சி
2 செப்டம்பர் 1987
(காலேப் கையில்)

மச்சான்,

தக்காளிக்காரி வந்து சேர்ந்தது முப்பதாம் தேதி. தக்காளியும் நசுங்கியிருந்தது.

விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மைதானத்துக்குப் போகிற வழியில் கட்சி இளைஞர்கள் கயிறு கட்டி நிறுத்திக் கட்சி உறுப்பினர் அட்டை கேட்டார்கள். எப்போதும் கேட்பதுதான். சந்தைக்குப் போனாலும் கேட்பார்கள், பஸ் ஏறினாலும் கேட்பார்கள். நான் பொருளாளன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வலது பாக்கெட்டில் கையை விட்டேன். அட்டை உன் நல்ல பருத்தியில் ஒட்டிக்கொண்டது. இழுத்தேன். அட்டையோடு பாக்கெட் முழுவதும் வெளியே வந்து தொங்கியது.

தலைகீழாகப் பெரியவர். நெற்றியில் நிலக்கடலைத் தோல்.

கம்பு வைத்திருந்தவன் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு என்ன நிறமோ தெரியாது. பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். முந்தின நாள்தான் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். "பெரியவரை எங்கய்யா வெச்சிருக்கே?" என்று அவன் மெதுவாகக் கேட்டான். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டான்.

எனெலெசி முன்னால் வந்தாள். இரவல் துணியைக் கட்டிக்கொண்டு, தியமிகேயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு.

"எங்க வெச்சிருக்காருன்னு நல்லாப் பாருப்பா," என்றாள். "எல்லாரும் வெளிய கட்டிக்கறோம். வெயில்ல வெளுக்குது, தூசு படியுது, உட்கார்ந்தா கசங்குது. எங்க அண்ணன் மட்டும்தான் உள்ள வெச்சிருக்காரு. அட்டையும் பெரியவரும் ஒரே இடத்துல. எங்க வீட்டுக்காரரு தையல்காரரு, சொல்லித் தைக்க வெச்சது. ஆமா, உன் அட்டை எங்கப்பா இருக்கு? எடு, பாக்கலாம்."

அவன் குனிந்து காலுறைக்குள்ளிருந்து எடுத்தான், மச்சான். காலுறைக்குள்ளிருந்து!

அதைப் பார்த்ததும் எனெலெசி புருவத்தை மட்டும் தூக்கினாள். அவன் அட்டையைப் பார்த்தான், தன் செருப்பைப் பார்த்தான், கயிறை இறக்கிவிட்டான்.

மைதானத்தில் அவள் ஆடினாள். எல்லோரையும்விட நன்றாக ஆடினாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் சபை கூடியது. பெரியப்பா, "சிபாட்டாக்காரனை என்ன பண்ணலாம்?" என்று ஆரம்பித்தார். எனெலெசி எழுந்தாள்.

"அங்க சோப்பு இல்லேன்னு தெருவுல நின்னு கத்துனேன்," என்றாள். "அரசாங்கத்தைத் திட்டுனேன், அந்த ஆளைத் திட்டுனேன். திட்டிட்டுப் போய்ப் படுத்துத் தூங்குனேன். இங்க வந்ததுலேர்ந்து நல்லாக் குளிக்கறேன். ஆனா புள்ளைகிட்டப் பேசறதுக்கு முன்னாடிகூட யோசிக்கறேன். இன்னிக்கு ஒரு பாக்கெட்டுக்கு இவ்வளவு வேகமா யோசிச்சேன். நாளைக்கு வேகம் வராட்டி? அண்ணே, நான் என் வீட்டுக்குப் போறேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று எல்லோரும் சுவரைத்தான் பார்த்தார்கள். எனக்குச் சொல்லப் பெரிய பேச்சு தயாராக இருந்தது. சாலை, சர்க்கரை, சபையில் நீ கொடுத்த வாக்கு எல்லாம். விழுங்கிவிட்டேன். கோழி போகாது என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் பொருளாளர் சாவியைக் கட்சிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது இந்த பேண்ட். எரித்தால் பெரியவரை எரித்ததாகும். துவைத்தால் கொடியில் காயப்போட வேண்டும். புதைக்கலாம் என்றால் பக்கத்து வீட்டில் நாய் வளர்க்கிறார்கள். கொடுத்தனுப்பினால் காலேப் மாட்டிக்கொள்வான். மெத்தைக்கு அடியில் வைத்து அதன் மேல் படுக்கிறேன்; அதுவும் குற்றமோ என்று புரண்டு புரண்டு படுக்கிறேன். எனெலெசி, "என்கிட்ட விடுங்கண்ணே" என்கிறாள். என்ன செய்யப் போகிறாளோ தெரியவில்லை. சனிக்கிழமை புறப்படுகிறார்கள்.

படித்ததும் எரித்துவிடு.

பிஸிவெக்

*

சிபாட்டா
12 செப்டம்பர் 1987
(காலேப் கையில்)

அன்புள்ள மச்சான்,

வந்து சேர்ந்தார்கள். நீ நிம்மதியாகப் படுக்கலாம், மெத்தைக்கு அடியில் ஒன்றுமில்லை என்று உனக்கே தெரியும்.

நான் ம்வாமியில் இந்தப் பக்கம் காலையிலிருந்து நின்றேன். தூரத்தில் எனெலெசி வருகிறாள், நடை மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. காலில் அடிபட்டுவிட்டது என்று பதறினேன். உங்கள் வாசலில் அவள் மூட்டையைக் கிளறினார்கள். சோப்புக்கட்டிகளை முகர்ந்து பார்த்தார்கள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒழுக்கமாகத் துணி சுற்றிய பெண்ணிடம் கேட்க என்ன இருக்கிறது? விட்டுவிட்டார்கள்.

எங்கள் எல்லைக் கம்பத்தைத் தாண்டி நாலு அடி வந்ததும் மூட்டையை என் கையில் கொடுத்தாள். இடுப்புத் துணியை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். உள்ளே உன் பேண்ட். கீழே நாலு மடிப்பு. உன் நாட்டில் பெண் பேண்ட் போடக்கூடாது. அதைப் போட்டுக்கொண்டே, இரண்டு பக்கமும் இரண்டு பெரியவரோடு, உன் நாட்டுக்காரர்கள் முன்னாலேயே நடந்து வந்திருக்கிறாள்.

"என்னடி இது?" என்றேன்.

"பேண்ட். நீதானே தெச்சே," என்றாள். "இடுப்புல ரொம்ப லூசு."

அப்படியே சிபாட்டா கடைத்தெரு வழியாக வீடு வரைக்கும் நடந்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் மூட்டையில் தெரிந்த சோப்பைத்தான் பார்த்தார்கள். பாக்கெட்டுகளைப் பிரித்து எடுத்து, கட்சித் துணியில் பழைய இடத்திலேயே வைத்துத் தைத்துவிட்டேன். துணி பெட்டிக்குள் இருக்கிறது. பெரியவருக்குக் கழுத்தைச் சுற்றி ஒரு தையல் ஓடுகிறது, மற்றபடி சௌக்கியம்.

உன் சாவி போனதற்கு என்ன எழுதுவது என்று மூன்று நாளாகத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. என் விரல் செய்த வேலைக்கு உன் பதவி போயிற்று. நான் வேடிக்கையாக எழுதுகிறேன் என்றால் வேடிக்கை என்று நினைப்பதால் அல்ல, மச்சான். வேறு மாதிரி எழுத எனக்குப் பழக்கமில்லை.

நீ கொடுத்தனுப்பிய சோப்பு தியமிகேக்கு மட்டும்; நான் தொட்டால் கையை வெட்டுவேன் என்று எனெலெசியின் உத்தரவு. ஆகையால் நேற்று சோப்பு வருகிறது என்று செய்தி வந்ததும் நானே முதலில் ஓடிப்போய் வரிசையில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பின்னாலிருந்தவர் பேச்சுக் கொடுத்தார். தலையை மட்டும் ஆட்டினேன். முன்னால் நிற்பவர் முதுகையே பார்த்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக நகர்ந்தேன். எனெலெசி கஞ்சிப்பாத்திரத்தோடு வந்து பார்த்தாள்.

"ஏன் ஊமை மாதிரி நிக்கறே?" என்றாள்.

"சோப்பு," என்றேன்.

"நான்தான் நிக்கறேன்ல, இடம் எங்கயும் போகாது. ஏதாவது பேசு. அங்க ஒரு மாசமா ஒருத்தரும் பேசல."

பேசினேன். எல்லையில் ஒரு காலைப் பல்லால் கடித்த கதையைச் சொன்னேன். சிரிப்பு கடை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. எங்களுக்கு இரண்டு பேர் முன்னால் சோப்பு தீர்ந்துவிட்டது. அப்போது எனெலெசி எங்கள் அரசாங்கத்தைப் பற்றி ஒன்று சொன்னாள் பார், அதை எழுதினால் காலேப்புக்கு ஆபத்து. போன தடவை எனக்கு முன்னால் நின்ற அதே போலீஸ்காரர், "இன்னொரு தரம் சொல்லும்மா, பின்னாடி கேக்கல" என்றார்.

இந்தக் கடிதத்தோடு உனக்கு வேறு பேண்ட் வருகிறது. பாக்கெட்டுக்கு மக்காச்சோள மாவு மூட்டையைக் கிழித்து வைத்திருக்கிறேன். பட்டப்பகலில், எனெலெசி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வெட்டியது. யார் முகமும் இல்லை. ஆலையின் பெயரும் எடையும்தான்.

கணக்குப்படி நான்தான் அங்கே வந்து குடியிருக்க வேண்டும், வாக்குக் கொடுத்தவன். முதலில் நீ ஒரு தரம் இங்கே வந்து பார். உன் சர்க்கரையை நீயே கொண்டு வந்துவிடு. எந்த பேண்ட் வேண்டுமானாலும் போட்டுக்கொள். இங்கே யாரும் உன் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

உன் மச்சான்,
லாமெக்